கதவுக்காரிக்கு ஒரு சிரிப்பு

திங்கட்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, இடது கையில் தேநீர்க் குவளையும் வலது கையில் என் கெட்ட நேரமுமாக உட்கார்ந்து, அக்காவுக்குத் தவறான ஃபைலை அனுப்பினேன். அனுப்ப வேண்டியது திரைக்கதையின் சுத்தப் பிரதி. அனுப்பியது, ஓரக் குறிப்புகளெல்லாம் அப்படியே இருந்த வேலைப் பிரதி.

எங்கள் தொழிலில் ஒரு திரைக்கதை நாலு பேர் கைக்குப் போய்த் திரும்பும். ஒவ்வொருவரும் பக்கத்தின் ஓரத்தில் தங்கள் கருத்தைத் தங்கள் நிறத்தில் எழுதுவார்கள். இயக்குநர் சிவப்பு, தயாரிப்பாளர் பச்சை, எடிட்டர் நீலம். மிச்சம் இருந்த ஊதா, வசனம் எழுதுகிற எனக்கு. எல்லாம் முடிந்ததும் நிறங்களை அழித்துவிட்டு ஒரு பிரதி எடுப்போம். வெளியாட்களுக்கு அதுதான் போகும். விருந்தாளியைக் கூடத்தில் உட்கார வைப்போமே தவிர, சமையலறைக்குள் விட மாட்டோம் இல்லையா? நான் விட்டுவிட்டேன். அதுவும் வந்தது விருந்தாளிகூட இல்லை. சமைக்கப்பட்ட ஆளே வந்து எட்டிப் பார்த்த கதை.

படம் அக்காவின் நாவலிலிருந்து எடுத்தது.

அக்கா ஒரு கண்ணாடிக் கடையில் கண் சோதிப்பவள். இருபது வருடமாக அடுத்தவர் கண் முன்னால் வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்பதுதான் பிழைப்பு. ஆள் வராத நேரங்களில், பழைய சோதனைச் சீட்டுகளின் பின்பக்கத்தில், அறுநூறு பக்கத்துக்கு ஒரு மாய உலகத்தையே எழுதி வைத்துவிட்டாள். புத்தகம் வந்து நாலு வருடத்தில் அதற்கென்று ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது. அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் அவள் கடையிலேயே கண்ணாடி வாங்கியவர்கள் என்பது என் சந்தேகம்.

கதை இதுதான். மலை உச்சியில் ஓர் ஊர். மாதத்தில் மூன்று முறை பள்ளத்தாக்கிலிருந்து பனி ஏறி வரும். அது தொட்டவன் தான் யார் வீட்டுப் பிள்ளை என்பதை மறந்து, அதற்குள்ளேயே நடந்து போய்விடுவான், திரும்ப மாட்டான். பனி கிளம்பியதும் மணி அடிக்கத் தொடங்கும். ஏழாவது மணியில் ஊர்க்கதவைச் சாத்த வேண்டும். சாத்துகிறவள் கதவுக்காரி. ஒருநாள் ஏழாவது மணி அடிக்கும்போது அவளுடைய தம்பி இருபதடி தூரத்தில் விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வருகிறான். பனி இன்னும் நூறடி தள்ளி இருக்கிறது. பதினொரு வருடமாகப் பனியை அளந்து பழகியவள்; நேரம் இருப்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் சாத்திவிடுகிறாள்.

ஏன் சாத்தினாள்? நாவலில் நாலு பேர் நாலு காரணம் சொல்கிறார்கள். நாலும் சரியாக இருக்கும், நாலும் போதாது. அவளையே கேட்டால், "மணி அடிச்சுது" என்பாள். அவ்வளவுதான். ஆனால் அதன் பிறகு ஒவ்வொரு நாளும் கதவுக்கு வெளியே ஒரு கிண்ணம் தண்ணீர் வைப்பாள். புத்தகத்தை மூடிய பிறகும் அந்தக் கிண்ணம் மூடாது. வாசகர்கள் அவளைத் திட்டி எழுதுவார்கள், அவளுக்காக அழுது எழுதுவார்கள்; சில கடிதங்களில் இரண்டும் ஒரே பக்கத்தில் இருக்கும்.

இப்பேர்ப்பட்டவளை நாங்கள் படத்தில் வில்லியாக்கியிருந்தோம்.

எங்கள் கதவுக்காரி பனியரசனோடு ரகசிய ஒப்பந்தம் போட்டவள். தம்பியை விற்றவள். கறுப்பு உடை, கன்னத்தில் தழும்பு, கதவைச் சாத்தும்போது மலையே அதிர்கிற மாதிரி ஒரு சிரிப்பு. கிண்ணம் கிடையாது. படத்தின் தலைப்பில் ஓர் ஆச்சரியக்குறி வேறு. நாவல் முழுக்கத் தேடினாலும் ஆச்சரியக்குறி ஒன்றுகூட இல்லை.

இதையெல்லாம் அக்காவிடம் ஆறு மாதம் முன்பே பக்குவமாகச் சொல்லியிருந்தேன். "நான் எவ்வளவோ சண்டை போட்டேன்க்கா. இயக்குநர் ஒத்துக்கல. அந்தக் கிண்ணத்துக்காக நான் மேசைய தட்டிப் பேசினேன் தெரியுமா?" என்றேன். மேசையைத் தட்டியது உண்மை. தேநீர் இன்னும் வரவில்லை என்று தட்டினேன்.

அக்கா அப்போது "சரிடா" என்றாள். "நீ சண்டை போட்டதே பெருசு" என்றும் சொன்னாள். அந்த இரண்டாவது வாக்கியம் ஆறு மாதமாக என் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது.

திங்கட்கிழமை மதியம் மாமா போன் செய்தார். அக்காவின் கணவர். நல்ல மனிதர், சந்தோஷத்தையும் சங்கடத்தையும் ஒரே குரலில் சொல்லக்கூடியவர்.

"மாப்ள, அந்த ஊதா கலர் யாரு?"

"எந்த ஊதா மாமா?"

"ஓரத்துல எழுதியிருக்கே. 'கிண்ணத்தைத் தூக்கு, இரக்கம் வந்துடும்'னு. யாருய்யா அந்த ஆளு? கல் நெஞ்சுக்காரனா இருப்பான் போலிருக்கே."

என் கையிலிருந்த குவளையைக் கீழே வைத்தேன். வைத்த இடத்தில் மேசை இல்லை.

தேநீரைத் துடைத்துக்கொண்டே ஃபைலைத் திறந்து பார்த்தேன். நாற்பத்தேழு ஊதாக் குறிப்புகள். "இவளுக்கு ஒரு சிரிப்பு வேண்டும்." "தழும்பு வைத்தால் முதல் காட்சியிலேயே வேலை முடிந்தது." "நாலு காரணம் யாருக்கு வேண்டும்? ஒன்று போதும்: கெட்டவள்." இதெல்லாம்கூடப் போகட்டும். அறுபத்திரண்டாம் பக்கத்தில் இயக்குநர் சிவப்பில் கேட்டிருந்தார்: "கிண்ணம் இருக்கட்டுமே? எனக்குப் பிடித்திருக்கிறது." அதற்குக் கீழே ஊதாவில் என் பதில்: "வேண்டாம் சார். எனக்கு இவளைத் தெரியும். இவள்மேல் இரக்கப்பட வைத்தால் படம் படுத்துவிடும்."

எனக்கு இவளைத் தெரியும்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்பவர்களுக்கு ஒரு யோசனை: மறைத்த பிறகு தட்டை நீங்களே எடுத்துக்கொண்டு போய்ப் பரிமாறாதீர்கள்.

"அக்கா என்ன சொல்றா மாமா?"

"அவ என்னிக்கு சொல்லியிருக்கா? படிச்சா. கம்ப்யூட்டர மூடினா. ரெண்டு வாளித் துணிய தொவச்சா. மெஷின் சும்மா நிக்குது, கையால தொவைக்கறா."

"என் மேல கோவமா?"

"எனக்கென்ன தெரியும் மாப்ள. எனக்கு ஒண்ணுதான் தோணிச்சு, சொல்லட்டுமா? அந்தக் கதவுக்காரி சிரிக்கிற சீன் டாப்பு."

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். தயாரிப்பாளருக்கு அக்காவின் பெயர் விளம்பரத் தாளில் பெரிதாக வேண்டும். நாவலைப் படித்த கூட்டம் தியேட்டருக்கு வர அதுதான் வழி. அதற்கு அவள் சம்மதம் வேண்டும். புதன்கிழமை சாயங்காலம் தாள் அச்சுக்குப் போகிறது. அந்தச் சம்மதத்துக்காகத்தான் அன்றைக்கு அவளுக்கு ஃபைலையே அனுப்பினேன். அன்று மாலை போன் செய்தேன். எடுத்தாள். சாப்பிட்டாயா என்றாள். மழை வருமா என்றாள். பெயர் விஷயத்தைக் கேட்டேன்.

"பாக்கலாம்" என்றாள்.

எங்கள் வீட்டில் 'பாக்கலாம்' என்பது ஒரு பூட்டு. சாவி யாரிடமும் கிடையாது.

பெயர் போனால் தயாரிப்பாளர் திட்டுவார். அது பழக்கமான மழை, குடை வைத்திருக்கிறேன். அக்கா பேசாமல் போய்விடுவாளோ என்பதுதான் பயம். ஏற்கெனவே ஒருமுறை இரண்டு வருடம் பேசாமல் இருந்திருக்கிறோம். அந்தக் கதையை நான் ஊருக்கெல்லாம் நகைச்சுவையாகச் சொல்லியிருக்கிறேன்.

எனக்கு இருபது வயதில் சினிமாப் பைத்தியம். பத்து நாளில் வருகிறேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனவன், ஏழு மாதம் கழித்து ஒரு மதிய நேரத்தில், கொட்டுகிற மழையில் வீட்டு வாசலில் நின்று கதவைத் தட்டினேன். கதவு திறக்கவில்லை. கடைசியில் நனைந்த கோழியாகத் திரும்பிப் போனேன். படக்குழுவில் இதைச் சொல்லும்போது, "எங்க அக்காவுக்குக் காது டமாரம். நான் தட்டின தட்டுல பக்கத்து வீட்டுக் கதவே திறந்துடுச்சு" என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். நான் நின்ற நேரம் முதலில் அரைமணியாக இருந்தது, பிறகு ஒருமணி, போன வருடம் இரண்டரை மணிநேரம் வரை வந்துவிட்டது. மழையும் வருடா வருடம் கூடிக்கொண்டே போனது.

சொல்லாமல் விட்ட பகுதி ஒன்று உண்டு. அந்த ஏழு மாதத்தில் அக்காவிடமிருந்து மூன்று கடிதங்கள் வந்தன. வீட்டுக்கு இழுக்கிற தந்திரம் என்று பிரிக்காமலே பெட்டிக்கடியில் போட்டேன். அன்று வாசலிலிருந்து திரும்பி நடந்தபோது, தெருமுனை சைக்கிள் கடைக்காரர்தான் சொன்னார்: "அப்பா போயி ஒரு மாசம் ஆச்சேப்பா. உனக்குத் தெரியாதா?"

தெரிந்த பிறகு எந்த முகத்தோடு திரும்பப் போய்த் தட்டுவது? பஸ் ஏறிவிட்டேன்.

இன்னொன்றும் உண்டு. நான் தட்டும் முன்னால் உள்ளே தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. தட்டியதும் நின்றது.

இரண்டு வருடம் கழித்து அக்காவின் கல்யாணத்துக்குப் போனேன். அன்றைக்குக் கேட்டேன். "மழைச் சத்தத்துல கேட்டிருக்காதுடா" என்றாள். கேட்கவில்லை என்று சொல்லவில்லை. கேட்டிருக்காது என்றாள், யாரோ மூன்றாம் மனுஷியின் காதைப் பற்றிப் பேசுகிற மாதிரி. அதற்குமேல் நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பிறகு அவள் நாவல் எழுதினாள். கதவுக்கு வெளியே விளக்கோடு ஓடி வருகிற தம்பியைப் படித்தபோது, "ஆஹா, ஒருவழியா ஒத்துக்கிட்டா" என்று எனக்குள் ஒரு குரல் கேட்டது. அந்தக் குரலுக்கு நான்தான் ஊதாப் பேனாவைக் கொடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை எடிட்டிங் அறைக்குப் போனேன். எங்கள் எடிட்டரைக் குழுவில் எல்லோரும் கத்தரி என்றுதான் கூப்பிடுவோம். சின்னப் பெண். நாக்கும் அதே வகை.

"என்ன சார், எதையாவது சேர்க்கணுமா, எடுக்கணுமா? சேர்க்கறதுன்னா வெளிய போயிடுங்க."

"எடுக்கணும்மா. அந்தச் சிரிப்ப."

அவள் நாற்காலியைத் திருப்பிப் பார்த்தாள். "அந்தச் சிரிப்ப டப்பிங்ல சேர்க்க மூணு பொம்பளைங்கள வரவெச்சு, பத்தாதுன்னு நாலாவதா ஒருத்தரைக் கூட்டிட்டு வந்தது நீங்கதானே?"

"நான்தான்."

"உடம்பு சரியில்லயா சார்?"

காட்சியை ஓடவிட்டாள். கதவு, பனி, தம்பியின் விளக்கு, சிரிப்பு. பிறகு சத்தத்தை முழுக்க அணைத்துவிட்டு மறுபடி ஓடவிட்டாள். நான் அந்தக் காட்சியை நூறு முறை பார்த்திருக்கிறேன். சத்தமில்லாமல் பார்த்ததே இல்லை. கதவுக்காரியாக நடித்தவர் பாதி முகத்தைத்தான் கேமராவுக்குக் கொடுத்திருந்தார். சிரிப்பு போன பிறகு பார்த்தால், அந்த வாய் சிரிக்கவே இல்லை. கீழுதட்டை உள்ளே இழுத்துக் கடித்துக்கொண்டிருந்தது. கை தாழ்ப்பாளைத் தள்ளியபின் உடனே விலகவில்லை. அங்கேயே இருந்தது, சூடா என்று பார்க்கிற மாதிரி.

"இவங்க நாவல படிச்சிருக்காங்களா?" என்றேன்.

"ரெண்டு தடவையாம். ஷூட்டிங்ல எல்லாருக்கும் தெரியுமே. உங்க வசனத்த மட்டும் நீங்க எழுதினபடி பேசினாங்க. முகம் அவங்களோடது." கத்தரி விசைப்பலகையில் எதையோ தேடினாள். "இன்னொண்ணு காட்டறேன், யார்கிட்டயும் சொல்லாதீங்க. கடைசி நாள் எடுத்தது. டைரக்டரும் கண்டுக்காம கேமராவ ஓடவிட்டார்."

திரையில் மூடிய கதவு. அவர் வெளியே வருகிறார். குந்தி உட்கார்ந்து ஒரு கிண்ணத்தை வைக்கிறார். கொஞ்சம் தள்ளி வைக்கிறார். எழுந்து இரண்டடி போனவர் திரும்பி வந்து, முதலில் வைத்த இடத்துக்கே நகர்த்தி வைக்கிறார். அவ்வளவுதான்.

வசனம் எழுதியவன் தூக்கி எறிந்ததை, நடித்தவர் பொறுக்கி எடுக்க, இயக்குநர் கண்ணை மூடிக்கொள்ள, எடிட்டர் ஒளித்து வைத்திருந்தாள். மொத்தப் படக்குழுவும் எனக்கு எதிராக அக்காவின் நாவலைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறது. எனக்கு இருமல் வந்தது. கத்தரி தண்ணீர் பாட்டிலை நகர்த்தினாள்.

இயக்குநரிடம் போனேன். அவர் அறையில் வண்ணத்தாள்களுக்கு நடுவே படுத்திருந்தார். யோசிக்கிறார் என்று அதற்குப் பெயர்.

"சார், சிரிப்ப எடுத்துட்டு கிண்ணத்த வைக்கணும்."

"யோவ் வசனம், நீதானே இவளைத் தெரியும்னு எழுதின?"

"தெரியாம எழுதிட்டேன் சார்."

"எது தெரியாம? எழுதறது தெரியாமயா, அவளத் தெரியாமயா?"

"ரெண்டும்."

அவர் எழுந்து உட்கார்ந்தார். "ஒப்பந்தக் காட்சி இருக்கே. பனியரசன் வர்றது, தம்பிய பேரம் பேசறது. அத எடுக்க முடியாது. எடுத்தா பாதிப் படம் கழண்டுடும்."

"தெரியும் சார். அந்தத் தப்பு அப்படியே இருக்கும். சிரிப்பு மட்டுமாவது போகட்டும்."

"உங்க அக்கா பேரு?"

"தெரியல சார்."

"அப்ப பாப்போம்" என்று மறுபடி படுத்துக்கொண்டார். மாமாவிடம் கேட்டால் எனக்கென்ன தெரியும். அக்காவிடம் கேட்டால் பாக்கலாம். இவரிடம் கேட்டால் பாப்போம். எனக்கு வாய்த்த உலகத்தில் ஆம், இல்லை என்ற இரண்டு சொற்களையும் யாரோ எடிட் செய்துவிட்டார்கள். ஆனால் நான் வாசலைத் தாண்டும்போது அவர் கத்தரிக்குப் போன் செய்வது கேட்டது. "அந்தக் கிண்ணம் எங்க வெச்சிருக்க? தெரியும், தெரியும். நடிக்காத. சிரிப்ப வெட்டிட்டு அத எடு."

புதன்கிழமை மதியம் கண்ணாடிக் கடைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கப் போகிறவன் பழம் வாங்கிப் போவான், பூ வாங்கிப் போவான். நான் டோக்கன் வாங்கினேன். பதினான்காம் எண். சுவர் நிறையக் கண்ணாடிச் சட்டங்கள், ஆளில்லாத கண்களாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. பதின்மூன்றாம் எண் பெரியவர் வெளியே வந்ததும், உள்ளிருந்து அக்காவின் குரல்: "அடுத்து."

சோதனை அறை சின்னது. ஜன்னலுக்குத் திரை போட்டு அரை இருட்டாக்கி வைத்திருப்பார்கள். எதிர்ச் சுவரில் எழுத்துப் பலகை மட்டும் வெளிச்சத்தில். அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். டோக்கனைப் பார்த்தாள்.

"உக்காரு" என்றாள்.

உட்கார்ந்தேன். வில்லைகளைச் செருகுகிற கனமான இரும்புச் சட்டத்தை என் மூக்கில் மாட்டினாள். அந்தச் சட்டத்தை மாட்டிக்கொண்டு யாராலும் கௌரவமாக மன்னிப்புக் கேட்க முடியாது. ஒரு கண்ணை மறைத்தாள்.

"படி."

"அக்கா, நான் வந்து..."

"பலகைய படி."

படித்தேன். நாலாவது வரியில் தடுமாறினேன். ஐந்தாவது வரியைக் குத்துமதிப்பாகச் சொன்னேன்.

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. ஊகிச்சு சொல்லாத. ஊகிச்சு சொல்றவனுக்குத் தப்புக் கண்ணாடிதான் கிடைக்கும்." ஒரு வில்லையைச் செருகினாள். "இது தெளிவா?" மாற்றினாள். "இதுவா?"

"முதல்ல போட்டது. அக்கா, சிரிப்ப எடுத்தாச்சு."

அவள் கை நின்றது. பிறகு அடுத்த வில்லையை எடுத்தது.

"கிண்ணம் வருது. அந்த நடிகை தானா வெச்ச கிண்ணம், அதுக்கு நான் காரணமில்ல. ஒப்பந்தம் இருக்கும். தழும்பும் இருக்கும். அத எடுக்க முடியாது. இயக்குநர் செஞ்சார்னு உங்கிட்ட சொன்னது பொய். எல்லாம் நான்தான். நாப்பத்தேழும் நான்தான்."

"நாப்பத்தெட்டு" என்றாள் அக்கா. "அட்டைப் பக்கத்துலயும் ஒண்ணு இருக்கு. 'தலைப்புல ஆச்சரியக்குறி போடலாமா'ன்னு."

சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் இருந்தேன். அரை இருட்டில் அவள் முகம் தெரியவில்லை. என் வலது கண்ணை வேறு அவளே மறைத்து வைத்திருந்தாள்.

"பேர் போடறதா வேண்டாமான்னு இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள சொல்லணும்க்கா. நீ வேண்டாம்னாலும் சரி. நான் அதுக்காக வரல."

"நான் ஒண்ணு கேக்கறேன். மழுப்பாம சொல்லு. அப்புறம் பேரப் பத்திச் சொல்றேன்." வில்லைப் பெட்டியை மூடிவிட்டு எதிரில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "எனக்கு இவளைத் தெரியும்னு எழுதினியே. என்ன தெரியும்?"

வாயில் இரண்டு நகைச்சுவைகள் வந்து நின்றன. வசனம் எழுதுகிறவன் வாய். எப்போதும் கையிருப்பு இருக்கும். இரண்டையும் விழுங்கினேன்.

"ஒண்ணும் தெரியாது. கதவுக்கு வெளிய நின்னவனுக்கு அந்தக் கதவோட மரம் மட்டும்தான் தெரியும். அத வெச்சு நான் ஒரு ராட்சசிய செஞ்சுட்டேன். கோவத்துல செஞ்சேன். கோவம் இருந்ததே எனக்குத் தெரியாது, அந்த ஓரக் குறிப்பெல்லாம் மறுபடி படிக்கற வரைக்கும்."

"எவ்வளவு நேரம் நின்ன அன்னிக்கு?"

"எல்லார்கிட்டயும் ரெண்டரை மணி நேரம்னு..."

"அவங்களுக்குச் சொன்னது எனக்குத் தெரியும். உங்க மாமாவே எங்கிட்ட நடிச்சுக் காட்டியிருக்கார்."

மூக்கில் சட்டம் அழுத்தியது. "அஞ்சு நிமிஷம்" என்றேன். "அஞ்சு நிமிஷம்கூட இருக்காதுக்கா. நாலு தடவ தட்டினேன். அப்பா கதவத் திறந்துட்டா என்ன சொல்றதுன்னு பயம் வந்துது. போயிட்டேன்."

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. எனக்கே சொல்லிக்கொண்டதில்லை. வெளியே பதினைந்தாம் எண் யாரோ செருமுவது கேட்டது.

"பேரு போட்டுக்கோ" என்றாள் அக்கா. "நாவலத் தழுவியதுன்னு போடாத. நாவலிலிருந்து கொஞ்சம்னு போடு."

"சரி."

"சின்ன எழுத்துல."

"சரிக்கா."

எழுந்துவிடலாம் என்றுதான் இருந்தது. வந்த வேலை முடிந்தது; வாங்க வேண்டியதை வாங்கியாயிற்று; இதற்குமேல் உட்கார்ந்திருப்பவன் முட்டாள். நான் உட்கார்ந்திருந்தேன். அவள் என் மூக்கிலிருந்து சட்டத்தைக் கழற்றினாள். பலகையின் எழுத்துகள் மறுபடி மங்கலாகி, அவள் முகம் மட்டும் கிட்டத்தில் தெளிவாக இருந்தது. நெற்றியில் ஒரு நரை முடி.

"அக்கா. அன்னிக்கு நான் தட்டினது உனக்குக் கேட்டுதா?"

மழை, சத்தம், காது என்று எதையாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். சொன்னால் அதையும் ஏற்றுக்கொள்வது என்றுதான் வந்திருந்தேன்.

அக்கா சட்டத்திலிருந்த வில்லைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து அதனதன் குழியில் வைத்தாள். கடைசி வில்லையைக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"கேட்டுது" என்றாள். "முதல் தட்டுலயே நீதான்னு தெரிஞ்சுது. அப்பா கடைசி வாரம் பூரா, கதவுல காத்து அடிச்சாக்கூட 'அவன்தானே'ன்னு கேட்டுட்டே இருந்தார். அது ஞாபகம் வந்துது. நிக்கட்டும்னு உக்காந்திருந்தேன். கொஞ்ச நேரம் நிக்கட்டும்னுதான்டா. அப்புறம் எழுந்து வந்து கதவத் திறந்தேன். தெருவுல யாரும் இல்ல."